பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிக்கு வரலாறு எழுதுவது: கேள்வி பதில்

கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆண்கள் அணிகளுடைய பழைய ஆட்டங்களைத் திரட்டுவோர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

வந்தாறுமூலையிலிருந்து: சேர், அணி தொடங்கிய ஆண்டு 1981 ஆ, 1986 ஆ?

இரண்டும் நிறுவனத்தின் ஆண்டுகள். 1981 ஓகஸ்ட் 1 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. அணியின் ஆண்டைச் சொல்ல ஓர் ஆட்டம் வேண்டும்: திகதி, எதிரணி, பெறுபேறு மூன்றும் தெரிந்த ஆட்டம். அது கைக்கு வரும்வரை "இதுவரை கிடைத்த மிகப் பழைய ஆட்டம்" என்றே எழுதுங்கள். கல்லூரிக் காலத்து ஆட்டங்களை விட்டுவிட வேண்டாம், தனித் தலைப்பில் வையுங்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகக்காரருக்கும் இதே கணக்குத்தான்: 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1996 இல் பல்கலைக்கழகம்.

ஏறாவூரிலிருந்து: குழுப்படத்தின் பின்புறம் "92/93" என்று இருக்கிறது. படம் எடுத்த ஆண்டு அதுதானா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அது கல்வியாண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் கல்வியாண்டின் பெயருக்கும் மாணவர் உண்மையில் உள்ளே வந்த ஆண்டுக்கும் ஒன்றிரண்டு வருட வித்தியாசம் சாதாரணம். 1980களின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தது அந்த இடைவெளியை இன்னும் கூட்டியது. ஓர் அணியில் மூன்று நான்கு பிரிவு மாணவர் சேர்ந்தே விளையாடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பதிவேட்டில் "ஆட்டத் திகதி", "கல்வியாண்டு" என்று இரண்டு நிரல்கள் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கியதால் ஒரே சுற்றுப்போட்டி இரண்டு வருடங்களில் பதிவாகிவிடுவதுதான் இத்தகைய வரலாறுகளில் அடிக்கடி நேரும் பிழை.

கல்முனையிலிருந்து: றோணியோ (ஸ்டென்சில் அச்சு) பிரதியில் ஒரு புள்ளி அட்டவணை மட்டும் இருக்கிறது. நான்கு அணிகள். திகதி இல்லை. இதில் எதையாவது கண்டுபிடிக்கலாமா?

நிறையக் கண்டுபிடிக்கலாம். நான்கு அணிகள் ஒன்றையொன்று ஒருமுறை சந்தித்தால் 6 ஆட்டங்கள். எல்லா அணிகளின் புள்ளிகளையும் கூட்டுங்கள். வெற்றிக்கு 2 புள்ளி என்றால் கூட்டுத்தொகை எப்போதும் 12. வெற்றிக்கு 3 என்றால், 18 இலிருந்து சமநிலை ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கழித்த தொகை வரும். இரண்டு ஆட்டங்கள் சமநிலை என்றால் 16. ஆறும் சமநிலையானால் மட்டும் இரண்டு முறையிலும் 12 வரும். வேறு தொகை வந்தால் தட்டச்சுப் பிழை இருக்கிறது, அல்லது ஓர் ஆட்டம் நடக்கவில்லை. பிறகு அடித்த கோல்களையும் வாங்கிய கோல்களையும் தனித்தனியே கூட்டுங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும்.

3 புள்ளி முறை உலகக் கிண்ணத்துக்கு வந்தது 1994 இல். ஆனால் இங்கிலாந்து லீக்கில் 1981 முதலே இருந்தது. அதனால் காலத்தைக் கணிக்க இதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஆட்டக் குறிப்பின் வாசகத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

முடியும். தன் அணி வீரர் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையில் எடுத்ததற்கு நடுவர் தண்டனை கொடுத்தார் என்றிருந்தால் அது 1992 க்கு முந்தியதல்ல. "கோல்டன் கோல்" (மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் விதி) என்ற பேச்சு வந்தால் 1993 க்கு முந்தியதல்ல. அந்த விதி 2004 இல் நீக்கப்பட்டது. காணொளியில் கோல் உதையைத் தண்ட எல்லைக்குள்ளேயே சக வீரர் வாங்குகிறார், ஆட்டம் தொடர்கிறது என்றால் 2019 அல்லது அதற்குப் பின். இவற்றை "இதற்கு முந்தியதல்ல" என்று சொல்ல மட்டுமே பயன்படுத்துங்கள். புது விதி உள்ளூர் மைதானத்துக்கு வர ஒரு பருவமோ இரண்டோ ஆகலாம்.

அதே நண்பர்: பெனால்டியில் வென்றதை வெற்றி என்று போடலாமா?

சமநிலை என்று போட்டு, பக்கத்தில் பெனால்டி எண்ணிக்கையை எழுதுங்கள். எதிரணி வராமல் கிடைத்த வெற்றி தனி. அணிக்கு 7 பேர் ஆடிய போட்டிகளும் தனி. மொத்தக் கோல் கணக்கில் இவற்றைக் கலந்தால் பிரிக்கவே முடியாது.

மருதமுனையிலிருந்து: சுனாமியில் நனைந்த குழுப்படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. உரிக்கலாமா?

தயவுசெய்து உரிக்காதீர்கள். படத்தின் நிறப் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் மெல்லிய துணியால் துடைத்து, அப்படியே பிரதி எடுங்கள். தட்டை ஸ்கானர் என்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) கோப்பு. மெல்லிய மலிவு ஸ்கானர்கள் கண்ணாடித் தடிப்பைத் தாண்டிக் கூர்மையாகப் பார்ப்பதில்லை. படம் மங்கினால் காரணம் அதுதான். அப்போது படத்தைச் சுவருக்கு இணையாக நிறுத்தி, கமராவையும் அதற்கு நேராக வைத்து, இரு பக்கமும் 45 பாகையில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கினால் பின்னால் உள்ளவற்றின் பிம்பம் கண்ணாடியில் தெரியாது.

கல்லடியிலிருந்து: படத்தில் இருப்பவர்களின் பெயர்களை எப்படிச் சேகரிப்பது, சேர்?

மூத்த வீரரிடம் "யார் யார் விளையாடினீர்கள்?" என்று கேட்டால் நட்சத்திர ஆட்டக்காரர்களின் பெயர்தான் வரும். படத்தைக் கையில் கொடுத்து, கோல் காப்பாளரில் தொடங்கி, இடது பின்வரிசை, வலது பின்வரிசை என்று இடம் இடமாகக் கேளுங்கள் தங்கச்சி. ஒரு பெயரை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் உறுதி. ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறி. நிஸாம், நிசாம், நிஷாம் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். மாணவர் பதிவிலக்கம்தான் அதைத் தீர்க்கும். அந்த இலக்கத்தை உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடும் பிரதியில் வேண்டாம்.

செங்கலடியிலிருந்து: 1990 க்கு எதுவுமே கிடைக்கவில்லை. அந்த வருடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமா?

போகக் கூடாது. 1990 இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இதை அதில் எழுதி, ஆட்டங்களுக்கான கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள்.