ஈர முடியில் ஸ்ட்ரெயிட்னர்: அந்த ‘உஸ்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 26. தோளுக்குக் கீழே இறங்கும் சுருட்டை முடி. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதி ஈரத்திலேயே ஸ்ட்ரெயிட்னர் போட்டுவிடுவேன். ‘உஸ்’ என்று சத்தம் வரும், ஆவியும் வரும். ஆனால் ஈரத்தில் போட்டால்தான் முடி நன்றாக நேராகிறது. ‘அது தண்ணீர் போகிற சத்தம், ஒன்றும் ஆகாது’ என்கிறாள் தோழி. சில மாதங்களாக முன்பக்க முடி பாதியிலேயே ஒடிகிறது, நுனியெல்லாம் சொரசொரப்பு. நான் செய்வது தவறா? கெட்டுப்போன முடியைச் சரிசெய்ய முடியுமா? ஈரத்திலும் போடலாம் என்று விற்கிறார்களே, அந்த ஸ்ட்ரெயிட்னரை வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தோழி சொன்னதில் முதல் பாதி சரி. அது தண்ணீர் போகிற சத்தம்தான். ஆனால் எங்கிருந்து போகிறது என்பதில்தான் வில்லங்கம்.

முடி நனைந்தால் மேலே மட்டும் நனைவதில்லை. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் டவலால் துடைத்து எடுப்பது வெளியே ஒட்டியிருக்கும் தண்ணீரை மட்டும்தான். முடியின் மேல்பக்கத்தில் கூரை ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். உறிஞ்சிய தண்ணீர் அவற்றுக்கு உள்ளே, முடிக்குப் பலம் தருகிற நடுப்பகுதியில் தங்கிவிடுகிறது.

இப்போது 180, 200 டிகிரி செல்சியஸில் காய்ந்த இரண்டு தகடுகள் அந்த முடியை இறுக்கிப் பிடிக்கின்றன. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். கொதித்து ஆவியானால் அது பிடிக்கிற இடம் 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். வெளியே இருந்த தண்ணீர் ‘உஸ்’ என்று பறந்துவிடுகிறது, நீங்கள் கேட்பது அதை. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு அப்படிச் சட்டென்று வெளியேற வழி இல்லை. அது ஆவியாகி உள்ளேயே பொருமி, முடிக்குள் சின்னச் சின்னக் குமிழிகளை உண்டாக்குகிறது. மருத்துவர்கள் இதற்கு ‘பபுள் ஹேர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1986 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிற விஷயம். நுண்ணோக்கியில் பார்த்தால் முடியின் உடம்புக்குள் வெற்றிடங்கள் வரிசையாகத் தெரியும். குமிழி இருக்கிற இடத்தில் முடியின் சுவர் மெலிந்துவிடுவதால், சீப்பு பட்டதும் அங்கே ஒடிகிறது. உங்களுக்கு நுனியில் ஒடியாமல் நடுவில் ஒடிவதற்கு இது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதற்கு 200 டிகிரிகூட வேண்டாம். 125 டிகிரி சூட்டில் இருக்கிற கருவியை ஒரு நிமிடம் வைத்திருந்தாலே குமிழி வரும் என்று பார்த்திருக்கிறார்கள். தவிர, முடியின் மூலப்பொருளான கெரட்டின் புரதம் காய்ந்த நிலையில் 230 டிகிரி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். நனைந்த நிலையிலோ 150 டிகிரியை ஒட்டியே அதன் கட்டமைப்பு குலைய ஆரம்பித்துவிடும். அதே மெஷின், அதே சூடு, அதே முடிதான். ஈரம் ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, ஈரத்தில் போட்டால் ஏன் நன்றாக நேராகிறது? இது உங்கள் பிரமை இல்லை. கெரட்டின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் விட்டுவிடும். காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் முடியை எந்த வடிவத்தில் இழுத்து வைத்திருக்கிறீர்களோ, அந்த வடிவத்திலேயே அது நின்றுவிடும். அப்படியென்றால் உங்கள் முடியை நேராக்குவதில் பெரும்பங்கு இழுத்தபடி காயவைப்பதற்குத்தான். அதற்கு 200 டிகிரி தகடு தேவையே இல்லை, ஹேர் டிரையரும் ஒரு பிரஷ்ஷும் போதும். முடி முழுக்கக் காய்ந்த பிறகு, மிச்சமிருக்கும் வளைவை எடுக்க ஸ்ட்ரெயிட்னரை ஒரே ஒரு முறை இழுங்கள். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முன்பக்கம் மட்டும் ஏன் கெட்டது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கண்ணாடியில் தெரிகிற முடி அதுதான். திருப்தி வராமல் அதையே நாலைந்து முறை இழுப்போம். நெற்றியோரத்து முடி பலருக்கும் மெல்லியதும்கூட. ஈர முடி காய்ந்த முடியைவிடச் சுலபமாக நீளும். தகட்டுக்கு நடுவில் இறுக்கி இழுக்க இழுக்க, சூடு ஒருபுறம், இழுவை ஒருபுறம் என்று இரண்டு அடியும் அதே கற்றைக்கு விழுகிறது.

டிரையரை முடியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடியுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். டிரையரை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, பின்கழுத்துப் பக்கத்து உள்முடியை விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து அந்தக் கற்றையை அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஸ்ட்ரெயிட்னர் வைக்கும்போது லேசாகச் சத்தம் வந்தால்கூட உடனே எடுத்துவிடுங்கள்.

வெப்பப் பாதுகாப்பு ஸ்ப்ரே வாங்கியிருந்தால் அதைக் குளித்தவுடன், டிரையருக்கு முன்பே போடுங்கள். காய்ந்த முடியில் ஸ்ப்ரே அடித்து, அந்த ஈரம் போவதற்குள் தகட்டை வைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் காயவைத்த வேலையெல்லாம் வீண். ஸ்ப்ரே சூட்டைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். ஈர முடிக்கு அது கவசம் ஆகாது. எண்ணெய் தடவிய தலையில் ஸ்ட்ரெயிட்னர் வேண்டவே வேண்டாம்.

சூடு எவ்வளவு? மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரி அளவில் ஆரம்பியுங்கள். சாதாரண முடிக்கு 180 தாண்ட வேண்டியதில்லை. தடித்த சுருட்டைக்குக்கூட 200 போதும். மெஷினில் 230 வரை எண் போட்டிருக்கிறது என்பதற்காக அங்கே போய் நிற்க வேண்டுமா என்ன? சூட்டைக் கூட்டிக் குறைக்கிற வசதியே இல்லாத மெஷின் என்றால் மாற்றிவிடுவது நல்லது.

ஈரத்திலும் போடலாம் என்று விற்கும் ஸ்ட்ரெயிட்னர்களில் தகட்டில் துளைகள் அல்லது பிளவுகள் வைத்திருப்பார்கள், ஆவி வெளியேறுவதற்காக. தலையும் காதும் ஆவியில் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அது உதவும். ஆனால் ஓட்டை தகட்டில்தான் இருக்கிறது, உங்கள் முடியில் இல்லையே! உள்ளே சிக்கிய தண்ணீருக்கு அந்தத் துளை என்ன வழி காட்டும்? வாங்குகிற பணத்துக்கு ஒரு நல்ல டிரையர் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. எந்த மெஷினாக இருந்தாலும் குளியலறையில், ஈரக் கையோடு மின்கருவியைத் தொடாதீர்கள்.

கெட்ட முடியைப் பற்றி இனிப்பாக எதுவும் சொல்ல முடியவில்லை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத பொருள், தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளாது. கண்டிஷனரும் சீரமும் மேலே பூசி வழவழப்பாகக் காட்டும், சிக்கைக் குறைக்கும், மேலும் ஒடிவதைத் தள்ளிப்போடும். அதற்காகத் தாராளமாகப் போடுங்கள். ‘உடைந்த முடியை ஒட்டவைக்கும்’ என்று பாட்டிலில் எழுதியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். பிளந்த நுனியை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், முன்பக்கம் பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகலாம். தினமும் தலைக்குக் குளிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதல் நாள் மாலைக்கு மாற்றிப் பாருங்கள், காலை அவசரமே பாதி குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. சீப்பில் வருகிற முடியை வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். நீளம் நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு வந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. தினமும் கொஞ்சம் அப்படி விழுவது இயல்புதான். ஆனால் கொத்துக் கொத்தாக வந்தால் ஸ்ட்ரெயிட்னரை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.