வாசகர் கேள்வி பதில்: பருந்தை விரட்டும் கரிச்சான்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் என்ன சொல்லித் தரலாம் என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலில், அமெரிக்காவில் லத்தீனோ சமூகத்தார் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே தலைமைப் பயிற்சி அளித்து வருவதை ஒரு வரியில் தொட்டுச் சென்றிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என் மகள் ஹூஸ்டனில் வசிக்கிறாள். அங்கே ஸ்பானிய மொழி பேசுகிறவர்களைச் சிலர் மெக்சிகர் என்கிறார்கள், சிலர் ஹிஸ்பானிக் என்கிறார்கள், நீங்கள் லத்தீனோ என்கிறீர்கள். யார் இவர்கள்? பிழைக்கப் போன இடத்தில் இவர்களுக்கென்று தனிப் பயிற்சி எதற்கு?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர் போன்ற லத்தீன் அமெரிக்க நிலங்களில் பூர்வீகம் கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்பவர்களே லத்தீனோக்கள். ஹிஸ்பானிக் என்பது மொழியை வைத்துச் சொல்வது. லத்தீனோ என்பது நிலத்தை வைத்துச் சொல்வது. 2020 கணக்கெடுப்பின்படி அவர்கள் 6.21 கோடிப் பேர், அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

'பிழைக்கப் போன இடம்' என்று நீங்கள் எழுதியிருப்பது பாதிதான் சரி. 1848-இல் மெக்சிகோ போரில் தோற்று, இன்றைய கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, அங்கே ஏற்கனவே குடியிருந்தவர்கள் இருந்த இடத்தை விட்டு அசையாமலே வேறு நாட்டவர் ஆனார்கள். புவேர்ட்டோ ரிக்கோ மக்களோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். நமக்கு இது விளங்காத செய்தி அன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டைக்காரர்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தார்களே, யாராவது மூட்டை கட்டினார்களா? எல்லைதானே நகர்ந்தது.

தனிப் பயிற்சியின் தேவைக்குக் காரணம் எளியது. தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில், ஸ்பானிய மொழி பேசியதற்காக அடி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. நன்றாகப் படிக்கிறவனையும் கல்லூரிக்கு அனுப்பாமல் கைத்தொழில் வகுப்புக்குத் திருப்பிவிட்டார்கள். இதைத் தட்டிக் கேட்க, கல்லூரி வாசலை மிதித்த ஒருவர்கூட வீட்டில் இல்லை. நம் தாசில்தார் அலுவலகத்தில் 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று சான்றிதழ் தருகிறார்கள். அதனால் கட்டணம் குறையும். ஆனால் எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும், யாரிடம் போய்க் கேட்க வேண்டும், கேட்கும்போது ஏன் கை கட்ட வேண்டியதில்லை என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லித் தராது. அந்த இடத்தில்தான் பயிற்சி வருகிறது.

இதையெல்லாம் தொடங்கியது யார்? பெரிய பணக்காரர் யாராவது அறக்கட்டளை வைத்தாரா? நான் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. எங்கள் தெருவில் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தாலே 'காசு யார் தருவார்' என்ற கேள்விதான் முதலில் வருகிறது.
– ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

உங்களுக்குப் பிடித்த பதிலாகவே இருக்கும், அண்ணாச்சி. தொடங்கியவர்களில் முதன்மையான ஒருவர் ஆலைத் தொழிலாளியாக இருந்த பெண். அந்தோனியா பான்டோஹா 1922-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-இல் நியூயார்க் வந்து, ஆலையில் வேலை பார்த்து, பிறகு படித்துச் சமூகப் பணியில் முதுநிலைப் பட்டம் பெற்றார். தம் மக்களின் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து, 1961-இல் 'ஆஸ்பிரா' என்ற அமைப்பை நிறுவினார். உயர்ந்ததை நாடு என்ற பொருள் தரும் ஸ்பானியச் சொல் அது.

அவருடைய முறையில் நான் மிகவும் மதிப்பது, பள்ளிதோறும் அமைந்த மன்றங்களை மாணவர்களே நடத்தினார்கள் என்பதை. முதலில் தங்கள் நிலையை அறிவது, பிறகு அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஆராய்வது, அதன் பிறகு செயலில் இறங்குவது என்று மூன்று படிகளை வகுத்திருந்தார்கள். நம் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் நடுப்படியைத் தாண்டிக் குதித்து விடுகின்றன. 'நீ சாதிப்பாய்' என்று பிள்ளையிடம் முழங்குவோம். அவள் ஊருக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு பேருந்து ஏன் இல்லை என்று அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட மாட்டோம்.

ஆஸ்பிரா இன்னொன்றும் செய்தது. ஆங்கிலம் புரியாத பிள்ளைகளை வகுப்பில் ஊமைகளாக உட்கார வைத்திருந்ததற்காக, 1972-இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. 1974-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அத்தகைய பிள்ளைகளுக்கு இரு மொழிகளில் கற்பிக்கும் பொறுப்பை வாரியம் ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்குத் துணிவு ஊட்டிவிட்டுப் பள்ளியை அப்படியே விட்டிருந்தால், அந்தத் துணிவு இரண்டு பருவத் தேர்வுகளுக்குக்கூடத் தாங்கியிருக்காது. பான்டோஹாவுக்கு 1996-இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

ஆஸ்பிராவின் சின்னம் பித்திர்ரே என்னும் சிறு பறவை. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தைத் துரத்திக் கொத்துவது அதன் இயல்பு. அறுவடை முடிந்த வயலுக்கு மேலே நம் கரிச்சான் செய்வதும் அதுவே. கரிச்சானுக்கு அறக்கட்டளை கிடையாது.

நாங்கள் பீடி சுற்றிப் பிழைக்கிறவர்கள். நாளைக்கு இத்தனை பீடி என்று கணக்குக் கொடுத்தாக வேண்டும். கூட்டம், பயிற்சி என்று போக நேரம் ஏது? எங்களைப் போன்ற தாய்மார் பிள்ளைகளுக்கு எப்படித் துணை நிற்பது?
– ஒரு வாசகி, முக்கூடல்

கூட்டத்துக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் வர வேண்டும். இதை ஒரு முறையாகவே ஆக்கியவர் பிரெட் ராஸ் என்பவர். 1947-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மெக்சிக அமெரிக்கர்களிடையே உருவான சமூகச் சேவை அமைப்பில் அவர் கையாண்டது வீட்டுக் கூட்டம். மண்டபம் கிடையாது, மாலை மரியாதை கிடையாது. ஒரு குடும்பம் தன் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் வீட்டுக்கு அழைக்கும். வந்தவர்கள் தங்கள் குறைகளைப் பேசுவார்கள். கலையும் முன் 'அடுத்த கூட்டம் யார் வீட்டில்' என்ற கேள்வி எழும். அப்படி வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததன் விளைவாக, 1947-இல் நகர்மன்றத் தேர்தலில் தோற்ற எட்வர்ட் ராய்பால் 1949-இல் வென்றார்.

அதே அமைப்பில் 1955-இல் சேர்ந்தவர் டொலோரஸ் ஹுவெர்ட்டா. ஸ்டாக்டன் நகரில் ஆசிரியையாக இருந்த அவர், பசியோடும் செருப்பில்லாமலும் வகுப்புக்கு வரும் பண்ணைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைவிட அவர்களுடைய பெற்றோரைத் திரட்டுவது மேல் என்று வேலையை விட்டவர். 1962-இல் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். சங்கக் கூட்டங்களிலும் மறியல்களிலும் தாயோடு பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே பார்த்ததே அவர்களுக்குப் பயிற்சியாக அமைந்தது.

மத்தியான வெயில் தாழ்ந்ததும் நான்கைந்து பேர் ஒரே திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களே, ராஸ் தேடி அலைந்த கூட்டம் அதுதான். கை பாட்டுக்கு இலையைச் சுருட்டட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியை நடுவில் உட்கார வைத்து, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தையும், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் விதிகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டு அவளைத் திணற அடியுங்கள். விடை தெரியாமல் போனால், தெரிந்துகொண்டு வருவது அவள் பொறுப்பு. நாலு வாரத்தில் அவள் பேச்சே மாறியிருக்கும்.

பேச்சுப் போட்டிகளில் தொடர்ந்து பரிசு வாங்குகிறேன். அது தலைமைப் பண்பாகாதா?
– ஒரு கல்லூரி மாணவர், வள்ளியூர்

பேச்சுப் பண்பாகும். பரிசளிப்பு முடிந்த பிறகு நாற்காலிகளை அடுக்கி வைப்பது யார் என்று பார்த்திருக்கிறீர்களா?

நாங்குநேரி வட்டத்தில் ஆசிரியராக இருக்கிறேன். லத்தீனோ என்ற அடையாளத்தின் பேரில் இளைஞர்களைத் திரட்டலாம் என்றால், எங்கள் மாணவர் கையில் சாதிக் கயிறு கட்டித் திரள்வதை மட்டும் எப்படித் தவறு என்பது? ஒரு மாணவன் என்னிடம் கேட்டே விட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
– ஓர் ஆசிரியர்

வந்த கடிதங்களில் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது இதுதான்.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மெக்சிக அமெரிக்க மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். இரு மொழிக் கல்வி, பாடத்தில் தங்கள் வரலாறு, கல்லூரிக்குப் போகும் வழி ஆகியவற்றைக் கேட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்ற சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர் கைதானார், வேலையையும் இழந்தார்; பெற்றோரும் மாணவரும் போராடியதால் மீண்டும் வகுப்பறைக்கு வந்தார். அந்தப் போராட்டம் திடீரென்று வெடித்ததன்று. 1963 முதலே மாலிபுவில் மாணவர்களுக்கான தலைமைப் பயிற்சி முகாம் நடந்துவந்தது. காஸ்ட்ரோ அதில் முன்னின்றவர். முகாம் நடந்த இடம் ஒரு யூத வழிபாட்டுச் சபைக்குச் சொந்தமானது என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் மேயரான அந்தோனியோ வியரைகோசா அந்த முகாமில் பயின்றவர்.

இப்போது உங்கள் மாணவனுக்கு. அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'உங்கள் கூட்டம் யாரிடம் என்ன கேட்கிறது?' லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் அரசிடமும் கல்வி வாரியத்திடமும் தங்களுக்கு உரியதைக் கேட்டார்கள். கயிறு கட்டியவன், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவன் தனக்குப் பணிந்து போக வேண்டும் என்று கேட்கிறான். விடுதியில் நல்ல சோறு வேண்டும், உதவித்தொகை காலத்தில் வர வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் திரண்டால், அது லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகள் செய்ததற்கு ஒப்பானதே. அதையும் கயிற்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, உடன் படித்த மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டியவர்கள் எதையும் கோரிப் போகவில்லை. அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

தடை போதும் என்று நான் நினைக்கவில்லை. கயிற்றை அவிழ்த்த கைக்கு வேறு ஏதாவது வேலை வேண்டும். பதினாறு வயதுப் பையனுக்குத் தான் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன், தனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்ற உணர்வு சோற்றைப் போலத் தேவைப்படுகிறது. அதை நாம் தராதபோது, முக்குக் கடையில் நிற்கும் யாரோ ஓர் அண்ணன் ஒரு கயிற்றோடு தந்துவிடுகிறான். காஸ்ட்ரோவைப் போல ஓர் ஆசிரியர் அந்த இடத்தில் நின்றால் அண்ணனுக்கு வேலை இல்லை. உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் வந்து கேட்கலாம் என்று ஒரு மாணவன் நினைத்திருக்கிறானே, அங்கிருந்து தொடங்கலாம்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

கலிபோர்னியாவில் ஹேவர்ட் நகரத்துச் சாபோ கல்லூரியில் 1981-இல் லத்தீனோ மாணவர்களுக்காகப் 'புவென்டே' என்ற திட்டத்தைத் தொடங்கியவர்கள் இருவரே. புவென்டே என்றால் பாலம். ஆங்கில ஆசிரியர் மாணவருக்கு எழுதக் கற்றுத் தருவார். ஆலோசகர் அடுத்த படிப்புக்கு வழி சொல்வார். அதே சமூகத்தில் படித்து வேலையில் இருக்கும் ஒருவர் ஆண்டு முழுவதும் துணையாக இருப்பார். இந்த மூவரும் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானப் பக்கம் காலையில் நடை போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் அலுவலர்களையும் எண்ணினாலே ஒரு பள்ளிக்குப் போதும்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் ஊர்ச் செங்கல் சூளையில் வட நாட்டுக் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாததால், பள்ளியில் சேர்த்தாலும் ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். நான் ஏதாவது செய்ய நினைக்கிறேன். 'முதலில் உன் பரீட்சையைப் பார்' என்கிறார் அப்பா.
– ஒரு மாணவி, கடையம் அருகே

உன் வயதில், அதாவது பதினேழில், டெக்சாஸ் மாநிலத்துக் கனாடோ என்ற சிற்றூரில் இசபெல் வெர்வர் என்ற பெண் இருந்தாள். ஆங்கிலம் தெரியாத மெக்சிகப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்ற காலம் அது. பள்ளியில் சேருமுன் அவர்களுக்கு 400 ஆங்கிலச் சொற்களைக் கற்பித்துவிட்டால் தேங்க மாட்டார்கள் என்று, லத்தீனோ அமைப்பான லூலாக்கின் தலைவரும் ஹூஸ்டனில் உணவகம் நடத்தியவருமான பெலிக்ஸ் டிஹெரினா சொல்லிவந்தார். அதைப் பத்திரிகையில் படித்த இசபெல் தானே அவரோடு தொடர்பு கொண்டு, 1957 கோடையில் முதல் வகுப்பை நடத்தினாள். '400 சொல் சிறு பள்ளி' என்று பெயர் பெற்ற அந்த முயற்சியை, 1959-இல் டெக்சாஸ் சட்டமன்றம் மாநிலத் திட்டமாகவே ஏற்றது.

அப்பா சொல்வதில் நியாயம் உண்டு, சண்டை போடாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் கேள். சூளை உரிமையாளரிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டு, தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. நானூறு வேண்டாம், முதல் மாதத்துக்கு நாற்பது சொற்களை நீயே பட்டியல் எழுது. அந்தப் பிள்ளைகளின் மொழியில் அவை என்ன என்பதை அவர்களுடைய அம்மாக்களிடம் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள். அ, ஆ, அம்மா, ஆடு என்று தொடங்காதே. தண்ணீர், பசிக்கிறது, வலிக்கிறது, 'டீச்சர், ஒன்றுக்குப் போகணும்' ஆகியவை முதல் வரிசையில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்கத் தெரியாமல் நனைந்த கால்சட்டையோடு வீடு திரும்பிய பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது.