மலையகத் தமிழ் கொச்சைத் தமிழா? கிளைமொழி, இரட்டை வழக்கு, ஒலியன் என்றால் என்ன?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் பேசுவது இவற்றில் எதில் சேரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதிதாகக் கம்பஸ் போயிருக்கும் பிள்ளை என்று நினைக்கிறேன். விடுதியில் யாரோ உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் மொழியியலில் பட்டம் வாங்கியவள் இல்லை, மஸ்கெலியாப் பக்கம் தமிழ் படிப்பிக்கிறேன்.

முதலில் கொச்சையைத் தள்ளிவைப்போம். மொழியியலில் அதற்கு இடமே கிடையாது. ஒரு பேச்சைப் பிடிக்காதவர்கள் அதன்மேல் ஒட்டும் பெயர் அது, அவ்வளவுதான். கிளைமொழி என்பது ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும் பேச்சு. அதற்கென்று ஒலி ஒழுங்கு இருக்கும், சொற்கள் இருக்கும், இலக்கணமும் இருக்கும். கிளைமொழி பேசாத தமிழர் எங்கேயும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘வெளிக்கிடுறன்’ என்பார்கள், நாங்கள் ‘கெளம்புறேன்’ என்போம். அங்கே ‘ஓம்’, இங்கே ‘ஆமா’. இவனுக்கும் அவனுக்கும் நடுவே நிற்கும் ‘உவன்’ அங்கே இன்னும் புழங்குகிறது, எங்களிடம் இல்லை. இதில் மேல் எது, கீழ் எது?

இரட்டை வழக்கு வேறு விஷயம். எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு வடிவம், வீட்டுக்கு இன்னொரு வடிவம். 1959இல் மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் ‘டைகுளோசியா’ என்று தலைப்பிட்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டியின் கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். தமிழும் அந்த வகைதான். யாழ்ப்பாணமோ மதுரையோ மஸ்கெலியாவோ, ‘நான் செல்கின்றேன்’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புறப்படுகிறவர் யாரும் இல்லை.

உண்மையில் ஒலியன் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பொருளை மாற்றும் ஒலி ஒலியன். ‘மலை’, ‘மழை’ இரண்டிலும் ஓர் ஒலிதான் வேறு, பொருளே மாறிவிடுகிறது. ஆகவே ல, ழ இரண்டும் தனித்தனி ஒலியன்கள். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். க மூன்று விதமாக ஒலிக்கும், ஆனால் அது வரும் இடத்தைப் பொறுத்த மாற்றம் மட்டும்தான். அவற்றை மாற்றொலிகள் என்பார்கள்.

எங்கள் பாடசாலையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள், நல்ல பேச்சுக்காரி. மண்சரிவைப் பற்றி ஒரு போட்டியில் பேசினாள். யாழ்ப்பாணத்து நடுவர் எல்லோருக்கும் முன்னால், “பேச்சு நல்லம், ஆனால் ற்ற சரியில்லை, தோட்டத்து உச்சரிப்பு வருது” என்று சொல்லிவிட்டார். ‘காற்று’, ‘பற்றி’ என்ற சொற்களை அவள் தமிழ்நாட்டில் சொல்வதுபோல, கடைசியில் ஒரு ர சேர்ந்து ஒலிக்கச் சொல்லியிருந்தாள். நான் போய், “ஐயா, அது பிழையில்லை, அவங்க வீட்டு வழக்கு” என்றேன். “டீச்சர், பிள்ளையைப் பழக்குங்கோ” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள், “டீச்சர், எனக்கு நாக்குல ஏதாச்சும் கொறையா?”

யாழ்ப்பாணத்தாரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர்கள் சொல்லும் ற்ற பழைய ஒலிக்கு நெருக்கமானது. க ச ட த ப ற என்று வல்லினத்தில் ற நிற்கிறதே, நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஈறில் ஒட்டி மூச்சை அடைத்துத் திறக்கும் அந்த ஒலியை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர்தான். தமிழ்நாட்டில் அது வேறு வழியில் மாறியது, எங்கள் ஆட்கள் அந்த மாற்றத்தோடு கப்பலேறினார்கள். ஒலியனை ஒரு கிளைமொழிக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று படித்தவர்கள் பிழை பிடிக்கலாம். சரி, அப்படியே பாருங்கள். அவளுடைய கிளைமொழியில் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொன்று. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல இடத்து ஆட்கள் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்து ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சுவரோடு சுவராக வாழ்ந்தார்கள். பல கிளைமொழிகள் இப்படிக் கலந்து, முரடுகள் தேய்ந்து, உருவாகும் பொதுப் பேச்சுக்குக் கோய்னே என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மலையகத் தமிழை அப்படிப் பார்ப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. மேலே துறை வழக்கும், அதாவது தொழில் சார்ந்த சொற்களும், ஏறியிருக்கிறது: பெரட்டு (காலையில் வேலை பிரிக்கும் கூட்டம்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), மட்டக்கம்பு (கொழுந்தை ஒரே மட்டத்தில் பறிக்கச் செடிமேல் வைக்கும் கம்பு). ‘பேர்’ என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளமும்தான். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அன்றைக்கு ‘அரைப்பேர்’, பாதிச் சம்பளம். மழையில் நனைந்து பறித்துவிட்டு அரைப்பேரோடு வந்த அம்மாவிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுப் பாருங்கள், நான் விளக்கத் தேவையில்லை.

பெயர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். சிங்களத்தில் ழ எழுத்து கிடையாது. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் பழனி என்பவரின் பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் ஒரு மாதிரி எழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் தமிழில் பலனி என்று எழுதி, அடையாள அட்டையில் வேறொன்று வந்து, கடைசியில் சேமலாப நிதி வாங்கப் போகும்போது “இது நீங்கள் இல்லை” என்று திருப்பி அனுப்புகிறார்கள். என் அப்பாவுக்கு நடந்தது. 1987இலேயே அரசியலமைப்பில் தமிழும் அரச கருமமொழி ஆகிவிட்டது. தமிழரின் பெயரைத் தமிழில் கேட்டு எழுத ஓர் ஆளை அந்த அலுவலகத்தில் உட்காரவைக்க இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?

கட்டுரைக்காகக் கேட்டிருந்தால், லீவில் வரும்போது உங்கள் பாட்டியையும் அம்மாவையும் அரைமணி நேரம் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். ழ, ள இரண்டையும் அவர்கள் பிரித்துச் சொல்கிறார்களா, ‘வந்துச்சி’, ‘போனுச்சி’ எங்கெங்கே வருகிறது, மலைத் தோட்டத்துச் சொற்கள் யார் வாயில் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். போனைப் பார்த்ததும் முதல் பத்து நிமிஷம் பாட்டி மேடைத் தமிழ் பேசப் பார்ப்பார். அதை அழிக்காதீர்கள், இரட்டை வழக்குக்கு அதுவே சான்று.