வீட்டில் எலி வளர்க்கிறோம், டாக்டர்!

பிள்ளைகள் கோடை லீவில் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை எலிகள் பல வீடுகளில் தங்கிவிட்டன போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அவற்றைப் பற்றித்தான்.

என் மகளுக்கு 4 வயது. எலி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். எனக்கு எலிக்காய்ச்சல் பயம். வாங்கலாமா?

இன்னும் ஒரு வருடமாவது பொறுத்திருங்கள் அம்மா. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் எலியைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைப்பார்கள். தூக்கும்போது இறுக்கியும் பிடிப்பார்கள். வலித்தால் எலி கடிக்கும்.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் சாக்கடை எலி, வயல் எலிகளின் சிறுநீரால் பரவுவது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த எலியிடம் அந்த ஆபத்து குறைவு. ஆனால் தெரு எலி இரவில் கூண்டுப் பக்கம் வந்து போனால் நிலைமை மாறிவிடும். அதனால் கூண்டைத் தரையிலோ பால்கனியிலோ வைக்காதீர்கள். சிந்திய தீனியைப் படுக்கப் போவதற்கு முன்பே கூட்டி எடுத்துவிடுங்கள்.

வளர்க்கத் தொடங்கிய பிறகு யாரையாவது கடித்துவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த சில நாட்களில் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வந்தால், வீட்டில் எலி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குச் சரியான மருந்து நினைவுக்கு வரும்.

கடைக்காரர் ஜோடியாக வாங்கச் சொல்கிறார். ஒன்று போதாதா?

ஒன்று போதாது. எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கும், ஒன்றின் முடியை இன்னொன்று கோதிவிடும். நீங்கள் எவ்வளவு கொஞ்சினாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்காதீர்கள். எலியின் கர்ப்பகாலம் வெறும் 21 முதல் 23 நாள். ஒரு ஈற்றில் பத்துக் குட்டி சாதாரணம். அந்தக் குட்டிகள் 5 வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகத் தொடங்கிவிடும். இரண்டு பெண், அல்லது இரண்டு ஆண் என்று கேட்டு வாங்குங்கள். அந்த வயதுக்குள் ஆண் எலியின் விதைப்பை நன்றாகவே தெரியும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. கடையில் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வால் தோல் உறை கழன்ற மாதிரி உரிந்து வந்துவிடும், மறுபடி வளராது.

எலியின் கண்ணிலும் மூக்கிலும் ரத்தம் வடிகிறது. என்ன செய்வது?

பதறாதீர்கள், அது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி போர்ஃபைரின் என்ற சிவப்பு நிறப்பொருளைச் சுரக்கிறது. தூங்கி எழுந்ததும் கொஞ்சம் இருப்பது இயல்பு. நாள் முழுவதும் வடிந்தால் ஏதோ தொந்தரவு என்று பொருள். அநேகமாக அது மூச்சுக்கோளாறாக இருக்கும். எலிகளிடம் மிகப் பரவலாக உள்ள மைக்கோபிளாஸ்மா கிருமி நுரையீரலைத்தான் தாக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டிவி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எலியை உங்கள் காதோடு சேர்த்துப் பிடித்துக் கேளுங்கள். நல்ல நுரையீரலில் சத்தமே வராது. கடாயில் கடுகு பொரிவது போலவோ புறா முனகுவது போலவோ கேட்டால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

நோயைக் கிளறிவிடுவது பெரும்பாலும் காற்றுதான். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி புகையும் அறையில் கூண்டு இருக்கக் கூடாது. மரப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளும் ஆகாது. கிழித்த காகிதமோ பழைய காட்டன் துணியோ போதும். சிறுநீர் வாடை மூக்கில் ஏறுகிறதென்றால் எலியின் மூச்சுக்குழல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. துணியைத் தினமும் மாற்றுங்கள்.

மடியில் படுத்துப் பல்லை நறநறவென்று கடிக்கிறது. கண் வேறு வெளியே வந்து வந்து உள்ளே போகிறது. வலிப்பா?

வலிப்பு இல்லை, சந்தோஷம்! தாடைத் தசை கண்ணுக்குப் பின்னால் போவதால், பல்லை வேகமாக அரைக்கும்போது கண்ணும் சேர்ந்து துடிக்கிறது. உங்கள் மடி அதற்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. முதுகைக் கூனிக்கொண்டு, முடி சிலிர்த்து, மூலையில் உட்கார்ந்து கடித்தால் மட்டும் வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு என்ன செய்வது? எங்களுக்கு ஏசி இல்லை.

எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டில் ஒரு பகுதியை வால் வழியாக வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திண்டாடும். என் வீட்டில் இருந்த கறுப்பு வெள்ளை ஆண் எலி, சித்திரை மாத மதியத்தில் நான்கு காலையும் பரப்பி டைல்ஸ் துண்டின் மேல் படுத்து, வாலை மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் நானே கற்றுக்கொண்டேன். ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வையுங்கள். வெள்ளரித் துண்டு கொடுங்கள். துவண்டு எச்சில் ஒழுகினால், சாதாரணத் தண்ணீரால் வாலையும் பாதங்களையும் நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

சாம்பார் சாதம் கொடுக்கலாமா?

வேண்டாம், உப்பும் காரமும் அதிகம். எலிக்கென்று வரும் பெல்லட், இல்லாவிட்டால் ராகி, ஓட்ஸ், வேகவைத்த பயறு, கேரட், வாரம் ஓரிரு முறை கொஞ்சம் வெந்த முட்டை. எலியால் வாந்தி எடுக்க முடியாது, தப்பாகத் தின்றது வயிற்றிலேயே கிடக்கும்.

எங்கள் பெண் எலிக்கு இரண்டு வயது. அக்குளில் எலுமிச்சை அளவு கட்டி. மகன் அழுதுகொண்டே இருக்கிறான்.

பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி மிகவும் சகஜம். பெரும்பாலானவை பரவாத வகை. சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. உங்கள் எலி நன்றாகச் சாப்பிட்டு, கம்பி ஏறி விளையாடுகிறது என்றால் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டுப் பாருங்கள். மெலிந்து மூச்சு வாங்குகிறது என்றால் நான் செய்யச் சொல்ல மாட்டேன். எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான்.

மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். "ஊருக்குப் போயிருக்கிறது" என்ற பொய் வேண்டாம். கம்பி ஏற முடியாத எலிக்குக் கூண்டுக்குள் மேல்தட்டு இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் மாற்றி வைத்துத் தருவது, ஊறவைத்த ஓட்ஸை விரலில் எடுத்து ஊட்டுவது, இதெல்லாம் அவனே செய்யட்டும். அது இறந்துபோனால், கூட இருக்கும் எலி உடலை முகர்ந்து பார்க்கச் சற்று நேரம் விடுங்கள். அதன் பிறகு சில வாரங்கள் அதற்குத் துணை உங்கள் மகன்தான். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.