தொர்த்தியாவை நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லையா?

கேள்வி: ஹூஸ்டனில் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களில் பலர் மெக்சிகோ வம்சாவளிச் சர்க்கரை நோயாளிகள். நம் சப்பாத்தி போன்ற அவர்களின் ரொட்டியான தொர்த்தியாவை நிறுத்துங்கள் என்றால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று நம்பாதீர்கள். மருத்துவமனையில் எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். "நேற்று ராத்திரி யார் சமைத்தார்கள்? என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

அப்புறம், சமைப்பவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். டெக்சஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டியில் மெக்சிகோ வம்சாவளியினர் 256 பேரிடம் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அவர்கள் மொழியிலேயே வகுப்பு, அவர்கள் சமையலை ஒட்டிய உணவுப் பாடம், ஒவ்வொருவருக்கும் துணையாகக் குடும்பத்தாரோ நண்பரோ ஒருவர். ஆறாம் மாதத்தில் அவர்களின் சராசரி எச்பிஏ1சி, வகுப்பு இன்னும் கிடைக்காத மற்ற பிரிவினரைவிட 1.4 புள்ளி குறைவு. ஒரு நல்ல மாத்திரை தரும் பலன் அது!

தொர்த்தியாவை நிறுத்தச் சொல்வது நம்மிடம் சோற்றை விடச் சொல்வது போல. ஆறு அங்குல மக்காச்சோளத் தொர்த்தியா ஒன்றில் மாவுச்சத்து 12 முதல் 15 கிராம்தான். பெரிய மைதாத் தொர்த்தியாவில் அதைப்போல மூன்று மடங்கு. சிக்கல் எங்கே என்றால், துணியில் சுற்றிச் சுடச்சுட மேசை நடுவில் கூடை இருக்கும். பேசிக்கொண்டே எடுத்துச் சாப்பிடுவார்கள், யாரும் எண்ணுவதில்லை. தட்டில் இரண்டை வைத்துக்கொண்டு கூடையை அடுப்படிக்கே அனுப்பிவிடச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அதற்கும் முன்னால் கோலா எவ்வளவு குடிக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். ஒரு டின்னில் 39 கிராம் சர்க்கரை.

சப்பாத்திக்கள்ளி மடலை அவர்கள் நொப்பாலேஸ் என்று காய்கறியாகச் சமைப்பார்கள். நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிட்டார்களா என்று கேளுங்கள்.

திடீர் அதிர்ச்சியால்தான், அதாவது 'சுஸ்தோ'வால்தான், நோய் வந்தது என்று சிலர் சொல்வார்கள். மறுக்காமல் முழுக்கக் கேளுங்கள். மன அழுத்தம் சர்க்கரையை ஏற்றுவதும் உண்மைதானே. இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்ற பயத்தையும் நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். நோய் முற்றிய பிறகு இன்சுலின் தொடங்கிய தாத்தாவுக்கோ அத்தைக்கோ பார்வை போனதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கலாம். கண்ணைக் கெடுத்தது பல வருடம் கட்டுப்படாமல் இருந்த சர்க்கரை என்பதை நிதானமாகச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் பேச ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கூட வந்த பத்து வயது மகளை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். அம்மா தன் பயத்தை அவள் முன்னால் சொல்லமாட்டார்.