இலவச விபிஎன் நிறுவுமுன்: மறுமுனையில் இருப்பது யார்?

மேசைக் கணினியில் காசு செலவில்லாமல், திறந்தமூல மென்பொருளைக் கொண்டு விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை மறையாக்கி இன்னொரு கணினி வழியே அனுப்பும் ஏற்பாடு) அமைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு): விண்டோஸ் கணினியில் ஓப்பன்விபிஎன் நிறுவினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகானும் வந்துவிட்டது. இணைக்கப் போனால் கான்ஃபிக் கோப்பு எதுவும் இல்லை என்கிறது. எங்கே தவறு?

பதில்: நிறுவியதில் தவறே இல்லை. ஓப்பன்விபிஎன் 2001-லிருந்து இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான வயர்கார்டு 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இரண்டும் நம்பகமான மென்பொருள்கள். ஆனால் உங்கள் கணினிக்கும் இன்னொரு கணினிக்கும் நடுவே மறையாக்கம் செய்த ஒரு பாதையைப் போடுவது மட்டுமே அவற்றின் வேலை. அந்த இன்னொரு கணினியை, அதாவது சர்வரை, நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். கான்ஃபிக் கோப்பு என்பது அந்தச் சர்வரின் முகவரியும் சாவியும் அடங்கிய சீட்டு.

மென்பொருள் இலவசம் என்பதால் சர்வர் சும்மா ஓடிவிடாது. யாரோ ஒருவர் அதற்கு மாதாமாதம் காசு கட்டுகிறார். அவர் யார், அவருக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாத எந்த விபிஎன்னையும் நிறுவாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை உங்கள் இணைய நிறுவனம் பார்க்க முடிந்ததை எல்லாம் இனி அந்தச் சர்வர்காரர் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகள் 283-ஐ ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 18 சதவீதச் செயலிகள் மறையாக்கமே செய்யவில்லை என்று தெரியவந்தது. அது கைபேசியைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் ‘இலவசம்’ என்று கூவி விற்கிற கணினிச் செயலிகளை நம்பவும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம். ஜெனீவாவைச் சேர்ந்த நிறுவனம். தன் செயலிகளின் மூலநிரலை 2020 ஜனவரியில் எல்லோரும் படிக்கத் திறந்துவிட்டது. டேட்டா வரம்பு கிடையாது. செலவைக் காசு கட்டும் சந்தாதாரர்கள் சுமக்கிறார்கள். குறையும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரே கருவி, அதோடு அவர்களுடைய செயலியில் நாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தச் செயலியையே நிறுவலாம். அல்லது கணக்குப் பக்கத்திலிருந்து வயர்கார்டுக்கான கான்ஃபிக் கோப்பை இறக்கி, வயர்கார்டு செயலியில் இம்போர்ட் செய்யலாம். எதுவானாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வருகிற விளம்பரத்தைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): வயர்கார்டில் ‘ஆக்டிவ்’ என்று பச்சை விளக்கு எரிகிறது. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

பதில்: வயர்கார்டில் அந்தப் பச்சை விளக்கை நம்பக் கூடாது. உங்கள் கணினி தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது. சர்வர் பதில் சொன்னதா என்பதைக் காட்டுவதில்லை. அதே சாளரத்தில் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ (இரு முனைகளும் கடைசியாகக் கைகுலுக்கிய நேரம்) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அது இல்லை, அனுப்பிய பைட்டு ஏறிக்கொண்டே போகிறது, வந்தது பூஜ்யம் என்றால் சர்வர் உங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். சாவி பொருந்தாதவர்களுக்கு வயர்கார்டு பிழைச்செய்திகூட அனுப்பாது.

முதலில் சாவிகளைச் சரிபாருங்கள். உங்கள் பப்ளிக் கீ (மறுமுனைக்குக் கொடுக்கும் பொதுச் சாவி) சர்வரிலும், சர்வருடைய பப்ளிக் கீ உங்களிடமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. சொந்த சர்வர் என்றால், அதன் ஃபயர்வாலில் 51820 என்ற போர்ட் (வயர்கார்டு வழக்கமாகப் பயன்படுத்தும் வாசல்) யுடிபி என்ற அனுப்பும் முறைக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு முறையான டிசிபிக்குத் திறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

பழைய மேசைக் கணினி என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி. அது தீர்ந்துபோனால் கணினியின் மின் இணைப்பை அணைக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னே போய்விடும். வயர்கார்டு ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரத்தைச் சேர்த்து அனுப்புகிறது. கடைசியாக வந்த நேரத்தைவிடப் பழைய நேரத்தோடு எது வந்தாலும், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதிச் சர்வர் ஒதுக்கிவிடும். தேதியைச் சரிசெய்தால் உடனே இணையும். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

ஹேண்ட்ஷேக் நடக்கிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் கான்ஃபிக்கில் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 1280 ஆக்கிப் பாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): விபிஎன்னைப் போட்டால் அலுவலகப் பிரிண்டர் வேலை செய்வதில்லை.

பதில்: விண்டோஸ் வயர்கார்டில் கான்ஃபிக்கைத் திருத்தும் இடத்தில், பாதைக்கு வெளியே போகும் போக்குவரத்தைத் தடு என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அது உள்ளூர் நெட்வொர்க்கையும் சேர்த்து அடைத்துவிடும். டிக்கை எடுத்தால் பிரிண்டர் திரும்பிவிடும்.

அந்தக் கோப்பைத் திறந்திருக்கும்போதே ‘அலவுடு ஐபிஸ்’ (விபிஎன் வழியே போக வேண்டிய முகவரிகள்) வரியையும் பாருங்கள். டிக்கை எடுத்தபின் அங்கே 0.0.0.0/1, 128.0.0.0/1 மட்டும் இருந்தால் பழைய வகை முகவரியான ஐபிவி4 மட்டுமே விபிஎன் வழியே போகும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் புதிய வகையான ஐபிவி6-உம் ஓடுகிறது. அது உங்கள் உண்மையான முகவரியோடு வெளியே கசிந்துகொண்டிருக்கும். கமா போட்டு ::/1, 8000::/1 ஆகிய இரண்டையும் சேர்த்துவிட்டு (::/0 என்று போட்டால் அந்தத் தடை திரும்பிவிடும்), ஐபி முகவரி காட்டும் தளம் ஒன்றில் இரண்டு முகவரிகளையும் சோதியுங்கள்.

கேள்வி (மதுரை): யாரையும் நம்ப வேண்டாம் என்று வீட்டுக் கணினியிலேயே சர்வர் வைத்தேன். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வரும் அழைப்பை அந்தக் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்தாகிவிட்டது. பெங்களூரிலிருந்து இணைய முடியவில்லை.

பதில்: ரவுட்டரின் ‘வான்’ (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் உள்ள ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா? அப்படியென்றால் உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர்வரை வந்து சேராது. நீங்கள் ரவுட்டரில் எதைத் திறந்தும் பயனில்லை. நிறுவனத்திடம் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென மாறாத பொது முகவரி) கேட்கலாம். இரண்டு முனையிலும் ஐபிவி6 இருந்தால் அதன் வழியே முயலலாம். வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெய்ல்ஸ்கேல் என்ற சேவை இந்தத் தடையைத் தானே தாண்டும். அதன் அடிப்படை நிரல் திறந்தமூலம், ஆனால் ஒருங்கிணைக்கும் சர்வர் அந்த நிறுவனத்துடையது. அதுவும் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், அந்தச் சர்வருக்கான திறந்தமூல மாற்றான ஹெட்ஸ்கேல் இருக்கிறது. அதை வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு சர்வரில் வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். வீட்டு சர்வர் வழியே போனால் வெளியுலகுக்குத் தெரிவது உங்கள் வீட்டு ஐபி. விடுதி வைஃபையிலிருந்து தப்பவும் வீட்டுக் கோப்புகளை எடுக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. வீட்டு இணைய நிறுவனத்திடமிருந்து மறைய இது உதவாது.

கேள்வி (சென்னை): இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமா?

பதில்: விபிஎன்னைப் பயன்படுத்துவதற்கு நாடு தழுவிய தடை கிடையாது. அதன் வழியே செய்யும் குற்றம் குற்றம்தான். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு சேவை தருபவர்களுக்கானது: வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி போன்ற விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காத பெரிய நிறுவனங்கள் பல, புரோட்டான் உட்பட, இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை எடுத்துவிட்டன. இன்று அவர்கள் பட்டியலில் ‘இந்தியா’ என்று தெரிந்தால், இந்திய ஐபி கொடுக்கும் வெளிநாட்டுச் சர்வராக அது இருக்கலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): 2022-இல் நடந்ததுபோல் திடீரெனச் சமூக வலைத்தளங்களை முடக்கினால் என்ன செய்வது?

பதில்: இன்றே தயாராகுங்கள். 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் பல மணி நேரத்துக்கு நின்றன. அப்படி ஒரு நாளில் விபிஎன் தேடினால், இறக்கும் தளமும் சேர்ந்து முடங்கியிருக்கலாம்; அவசரத்தில் கண்டதை நிறுவவும் நேரும். புரோட்டானில் இப்போதே கணக்குத் தொடங்கி ஒருமுறை இணைத்துப் பாருங்கள். இரண்டாவதாக ரைஸ்அப் விபிஎன்னும் கணினியில் இருக்கட்டும். அது நன்கொடையில் நடப்பது, கணக்கே தேவையில்லை. சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதால் வேகம் குறையும், அவசரத்துக்குப் போதும்.

வயர்கார்டு தன்னை ஒளித்துக்கொள்ள முயல்வதில்லை. முடக்க நினைப்பவர்கள் அதை எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஓப்பன்விபிஎன்னை டிசிபி 443-இல் ஓட்டினால் சாதாரண இணையப் பக்கங்கள் போகும் அதே போர்ட் என்பதால் அதை அப்படியே அடைப்பது கடினம். ஆழமாகச் சோதித்தால் அதுவும் தெரிந்துவிடும். புரோட்டான், ரைஸ்அப் இரண்டின் நிறுவல் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாம். இணையமே முழுதாகத் துண்டிக்கப்பட்டால் எந்த விபிஎன்னும் வேலை செய்யாது.