வெட்டியெடுத்த பிறகும் நிலக்கரி இருப்பு கூடுமா?

கேள்வி: காரைக்குடியில் அப்பா வாங்கி வைத்த சுரங்க நிறுவனப் பங்குகள் இருக்கின்றன. வருஷா வருஷம் வெட்டியும் ஆண்டறிக்கையில் இருப்பு கூடியிருக்கிறதே, எப்படி?

பதில்: தாராளமாகக் கூடலாம். நம் ஊர்ப் பேரேடு போல இதிலும் வரவு, பற்று உண்டு. வெட்டியது பற்று. நிலத்தடியில் நிலக்கரி இருக்கிறதா என்று சோதிக்கப் புதிய துளைகள் போட்டு உறுதியானது வரவு. இந்திய நடைமுறையில் துளைகள் 400 மீட்டருக்குள் நெருங்கியிருந்தால்தான் நிரூபிக்கப்பட்ட நிலக்கரி என்று கணக்கில் ஏறும். இடைவெளி கூடினால் கீழ் வகைக்குப் போய்விடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 1 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2 மீட்டர் தடிமனுள்ள நிலக்கரிப் படுகை (அடுக்கு), அடர்த்தி கன மீட்டருக்கு 1.4 டன் என்றால் 28 லட்சம் டன். நிலத்தடிச் சுரங்கத்தில் கூரையைத் தாங்கத் தூண்களாகப் பாதியை விட்டுவைத்தால், கைக்கு வருவது 14 லட்சம்தான். முதல் எண் மண்ணுக்குள் கிடப்பது, இரண்டாவதுதான் இருப்பு. சில அறிக்கைகள் முதல் எண்ணைப் பெரிதாகப் போடும். அங்கேதான் முதலீட்டாளர் ஏமாறுகிறார்.

துளையே போடாமலும் எண் மாறும். விலை விழுந்தால், ஒரு டன்னுக்கு நிறைய மேல்மண் அகற்ற வேண்டிய ஓரப்பகுதி கட்டுப்படியாகாமல் கழியும். விலை ஏறினால் திரும்பி வரும். படுகையை வெட்டிக்கொண்டு பாறைப் பிளவு குறுக்கிட்டாலோ, வன அனுமதி கிடைக்காவிட்டாலோ, படுகையில் தீப்பிடித்தாலோ ஒரேயடியாகக் குறையும்.

இருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்து, 'இத்தனை வருஷம் ஓடும்' என்று நம்பிவிடாதீர்கள். ஐந்து வருட அறிக்கைகளை அடுக்கி, கூடியது துளையாலா விலையாலா என்று பாருங்கள். விலையால் மட்டும் கூடியது என்றால் அது நிலைக்காது.